வெளி மானிட்டரும் ரெக்கார்டரும்: பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

நமது மஹல்லாக்களில் இப்போது பல ஜமாஅத்துகளிடம் சொந்தக் கேமரா இருக்கிறது. ஜுமுஆ பயான், மதரஸா பட்டமளிப்பு விழா, சீரத் மாநாடு என்று எல்லாவற்றையும் ஊர் இளைஞர்களே பதிவு செய்கிறார்கள். கேமரா வாங்கிச் சில மாதங்கள் போனதும் அடுத்த கோரிக்கை வருகிறது. "ஹஜ்ரத், கேமரா மேலே மாட்டுகிற மானிட்டர் ஒன்று வேண்டும். அதிலேயே ரெக்கார்டிங்கும் ஆக வேண்டும். துபாயிலிருந்து வருகிறவர் வாங்கி வருகிறேன் என்கிறார். எதைச் சொல்லட்டும்?" என்று நம்மிடமே கேட்கிறார்கள். நிக்காஹ் வீடியோ எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட சகோதரர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

ஜமாஅத் பணம் என்றால் அது அமானிதம். தொழில் செய்பவரின் பணம் என்றால் அவருடைய பிள்ளைகளின் பங்கு. இரண்டையும் தேவையில்லாத பொருளில் கொட்டக் கூடாது. ஆகவே எது எதற்கு, யாருக்கு என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு பெட்டி, இரண்டு வேலை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வெளி மானிட்டர் என்பது பார்ப்பதற்கு மட்டும். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் தெரிவதை ஐந்து அல்லது ஏழு அங்குலத்தில் தெளிவாகக் காட்டும். எதையும் சேமிக்காது. ரெக்கார்டர் என்பது கேமராவின் எச்.டி.எம்.ஐ. அல்லது எஸ்.டி.ஐ. வழியாக வெளியே வரும் படத்தைத் தன் டிஸ்கிலோ கார்டிலோ எழுதிக்கொள்ளும் கருவி. இன்று விற்கும் ரெக்கார்டர்களில் பெரும்பாலானவை திரையோடு சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம்.

விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. ஐந்தரை அங்குலச் சாதாரண மானிட்டர் சுமார் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாயில் கிடைக்கும். ரெக்கார்டரோடு சேர்ந்தது அதைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகும். டிஸ்க், பேட்டரி செலவு தனி. எனவே நமது குறை பார்வையிலா, பதிவிலா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பார்வைக் குறை என்றால் மானிட்டர் போதும்

பள்ளிவாசலில் படம் எடுப்பதில் ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. சுவர் வெள்ளை, பேசுபவரின் ஜுப்பா வெள்ளை, தொப்பி வெள்ளை, மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கு. ஆட்டோவில் விட்டால் கேமரா அத்தனை வெள்ளையையும் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பேசுபவரின் முகம் இருண்டுவிடும். முகத்துக்காக வெளிச்சத்தை ஏற்றினால் ஜுப்பா வெறும் வெள்ளைத் திட்டாகி, துணியின் மடிப்புகூடத் தெரியாமல் போகும். அப்படி அழிந்துபோன வெள்ளையை எடிட்டிங்கில் மீட்க முடியாது. சின்னத் திரையில் அப்போது இது தெரியாது. வீட்டுக்கு வந்து டிவியில் போடும்போதுதான் தெரியும்.

இதற்குத்தான் மானிட்டரில் அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். 'ஸீப்ரா' என்பது எல்லை மீறிய வெள்ளையின் மேல் கோடு கோடாகக் காட்டும். 'வேவ்ஃபார்ம்' என்பது படத்தின் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை வரைபடமாகப் போடும். வெள்ளைத் துணி 90ஐத் தாண்டாமலும் முகம் 50, 60 அளவிலும் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. முகத்தின் நிறத்துக்கு ஏற்ப இது சற்றுக் கூடும், குறையும். 'ஃபோகஸ் பீக்கிங்' என்பது கூர்மையாக விழுந்த விளிம்புகளை வண்ணக் கோட்டால் காட்டும். மானிட்டர் வாங்கும்போது இந்த மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். வேவ்ஃபார்ம் இல்லாத மலிவு மாடல்களும் கடையில் உண்டு.

அடுத்தது திரையின் பிரகாசம். இதை 'நிட்' என்ற அளவில் சொல்வார்கள். மண்டபத்துக்குள் 400, 500 நிட் போதும். பெருநாள் திடலிலோ மாப்பிள்ளை ஊர்வலத்திலோ வெயிலில் பார்க்க 1000 நிட்டாவது வேண்டும். இல்லையென்றால் திரையில் நமது முகம்தான் தெரியும்.

பயான் இருபது இருபத்தைந்து நிமிடம், கேமராவின் கார்டிலேயே பதிவு நன்றாக வருகிறது, குறை வெளிச்சத்திலும் ஃபோகஸிலும்தான் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நம்மிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது.

ரெக்கார்டர் தேவைப்படும் மூன்று காரணங்கள்

முதலாவது, நேரம். பல ஸ்டில் கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் வீடியோவைத் தாமாகவே நிறுத்திவிடும். இது கோளாறு அல்ல. 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி 'வீடியோ கேமரா' என்ற வகையில் சேர்த்து வரி விதித்தது. அந்த வரியைத் தவிர்க்க, கம்பெனிகள் கேமராவுக்குள்ளேயே இந்த வரம்பை வைத்தன. புதிய மாடல்கள் பலவற்றில் இது நீங்கிவிட்டது. ஆனால் நம் ஊர்களில் கைமாறி வரும் செகண்ட் ஹேண்ட் கேமராக்களில் இன்னும் இருக்கிறது. மூத்த ஆலிம் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுகிறார். அரை மணியில் கேமரா நின்றுவிடுகிறது. பின்வரிசையில் நிற்கும் இளைஞர் கவனிக்கவில்லை. பேச்சின் கடைசிப் பகுதியும் துஆவும் போய்விடுகின்றன. ரெக்கார்டர் மாட்டினால் பதிவு நடப்பது வெளியே என்பதால் இந்த வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது. டிஸ்க்கும் மின்சாரமும் உள்ளவரை ஓடும்.

இரண்டாவது, நிறத்தின் தரம். பல கேமராக்கள் உள்ளே 8-பிட்டில் பதிவு செய்கின்றன. அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். 10-பிட் என்றால் 1024 படிகள். பச்சை விளக்கு விழும் வெள்ளைச் சுவரில் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். 8-பிட் பதிவை எடிட்டிங்கில் கொஞ்சம் இழுத்தால் அந்த இடம் பட்டை பட்டையாக உடையும். 10-பிட் தாங்கும். '4:2:0', '4:2:2' என்று எழுதியிருப்பது நிறத் தகவல் எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும். முதலாவதில் நிறத் தகவல் கால் பங்கு, இரண்டாவதில் அரைப் பங்கு.

மூன்றாவது, எடிட்டிங். கேமரா கார்டில் எழுதும் எச்.264 வகைக் கோப்பு பல பிரேம்களை ஒன்றோடொன்று சார்ந்து சுருக்குகிறது. அதனால் கோப்பு சிறியது, ஆனால் பழைய கம்ப்யூட்டர் திணறும். ரெக்கார்டர் எழுதும் புரோரெஸ், ஆப்பிள் கம்பெனி 2007இல் கொண்டுவந்த முறை. இதில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்படுவதால் எடிட்டிங் இலகுவாக ஓடும். அதற்கு விலையாக டிஸ்கில் இடத்தைத் தின்னும்.

கேமரா கொடுப்பதைத்தான் ரெக்கார்டர் எழுதும்

பலர் ஏமாறுவது இங்கேதான். 10-பிட் ரெக்கார்டர் வாங்கினால் படம் 10-பிட்டாகிவிடும் என்று நினைக்கிறார்கள். குழாயில் வரும் தண்ணீரைத்தானே குடம் பிடிக்கும்?

2018இல் வெளிவந்த இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். சோனி ஏ7 III கார்டில் எழுதுவது 8-பிட் 4:2:0. எச்.டி.எம்.ஐ. வழியாக வெளியே அனுப்புவதும் 8-பிட்டே. 4:2:2 ஆகிறது என்பது மட்டும்தான் லாபம். அதே ஆண்டு வந்த நிக்கான் இசட்6, கார்டில் 8-பிட்டில் எழுதினாலும் எச்.டி.எம்.ஐ. வழியாக 10-பிட் 4:2:2 அனுப்பும். எனவே ஒரே ரெக்கார்டரால் நிக்கான்காரருக்குக் கிடைக்கும் பயன் வேறு, சோனிக்காரருக்குக் கிடைக்கும் பயன் வேறு. இன்னொரு புறம், 2020இல் வந்த சோனி ஏ7எஸ் III, கேனன் ஆர்6 போன்றவை கார்டிலேயே 10-பிட் 4:2:2 எழுதுகின்றன. இவற்றை வைத்திருப்பவர் தரத்துக்காக ரெக்கார்டர் வாங்க வேண்டிய கட்டாயம் குறைவு.

இதைவிட அடிப்படையான ஒன்று உண்டு. எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் படம் சுத்தமாக வருகிறதா? சில பழைய கேமராக்கள் ஃபோகஸ் கட்டம், பேட்டரி அடையாளம் எல்லாவற்றையும் படத்தோடு சேர்த்தே வெளியே அனுப்பும். அவை அப்படியே பதிவாகிவிடும். கேனன் 5டி மார்க் III கூட முதலில் இப்படித்தான் இருந்தது. 2013இல் கேனன் தந்த மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகே சுத்தமான படம் வெளியே வந்தது. ஆகவே கேமராவின் கையேட்டில் 'எச்.டி.எம்.ஐ. அவுட்புட்' பக்கத்தைப் படிக்காமல் ரெக்கார்டருக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அதிகம் புழங்கும் இரண்டு கம்பெனிகள்

இந்தத் துறையில் அதிகம் கேள்விப்படும் பெயர்கள் அட்டோமோஸ், பிளாக்மேஜிக். இரண்டுமே ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னில் தொடங்கியவை.

அட்டோமோஸின் நிஞ்சா வி 2018இல் வந்தது. ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான திரை, 1000 நிட். எச்.டி.எம்.ஐ. மட்டுமே உண்டு, எஸ்.டி.ஐ. வேண்டுமென்றால் தனி இணைப்புப் பெட்டி வாங்க வேண்டும். எழுதுவது எஸ்.எஸ்.டி. டிஸ்கில். கையில் தூக்கிக்கொண்டு சுற்றுகிற கல்யாண வீடியோக்காரருக்கு இதன் எடை தோது. உள்ளே சின்ன ஃபேன் சுழலும் என்பதால் அமைதியான அறையில் கேமரா மைக்கிற்கு அந்தச் சத்தம் கேட்கலாம்.

பிளாக்மேஜிக்கின் வீடியோ அசிஸ்ட் வரிசை 2015இல் தொடங்கியது. 2019இல் வந்த '12ஜி' மாடல்கள் ஐந்து, ஏழு அங்குலங்களில் 2500 நிட் பிரகாசத்தோடு கிடைக்கின்றன. எச்.டி.எம்.ஐ., எஸ்.டி.ஐ. இரண்டும் உண்டு. எஸ்.டி. கார்டிலும் யு.எஸ்.பி.-சி வழியாக வெளி டிஸ்கிலும் எழுதும். ஸ்டாண்டில் நிலையாக வைத்து எடுக்கும் பள்ளிவாசல், மதரஸா வேலைக்கு ஏழு அங்குலம் கண்ணுக்கு இதம்.

பெயரைவிட முக்கியம் சர்வீஸ். வெளிநாட்டில் வாங்கி வந்த பொருளுக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே வரும் உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். லக்கேஜில் போட அனுமதியில்லை.

கணக்கில் வராத செலவு

ரெக்கார்டரின் விலை அட்டையில் டிஸ்கின் விலை இருக்காது. விநாடிக்கு 25 பிரேம் வீதம் சாதாரண புரோரெஸ் 422இல் முழு எச்.டி. எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 ஜி.பி. ஆகும். அதையே 4கேயில் எடுத்தால் சுமார் 220 ஜி.பி. உயர்தர எச்.க்யூ. வகையில் 330 ஜி.பி. வரை போகும். நிக்காஹ் மஜ்லிஸும் வலீமாவும் சேர்ந்து மூன்று மணி நேரம் என்று வையுங்கள். எச்.டி.யில் 165 ஜி.பி., 4கேயில் 660 ஜி.பி.

இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். பயானுக்கு 4கே தேவையில்லை. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் செல்போனில்தான் பார்க்கிறார்கள். எச்.டி.யில் 'எல்.டி.' வகை புரோரெஸ் வைத்தால் மணிக்கு 38 ஜி.பி.யோடு முடிந்துவிடும். எடிட்டிங் முடிந்த பிறகு சிறிய எச்.264 கோப்பாக்கிப் பாதுகாத்துவிட்டு மூலக் கோப்பை நீக்கலாம். வாராவாரம் மூலக் கோப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டே போனால் ஆண்டு முடிவில் டிஸ்க் வாங்கவே தனி வசூல் நடத்த வேண்டி வரும்.

டிஸ்க் வாங்கும்போது ரெக்கார்டர் கம்பெனி தன் தளத்தில் கொடுத்திருக்கும் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் போதாத டிஸ்கில் பிரேம்கள் விடுபடும். சில சமயம் பதிவே நின்றுவிடும்.

பேட்டரிக்கு வருவோம். பல மாடல்கள் சோனியின் என்.பி.-எஃப். வகைப் பேட்டரியை எடுக்கின்றன. வீடியோ அசிஸ்டின் பழைய மாடல்களுக்கு கேனன் எல்.பி.-இ6. சின்ன பேட்டரி ஒரு நிகழ்ச்சிக்குத் தாங்காது. பள்ளிவாசல் போல ஓரிடத்தில் வைத்து எடுப்பவர்கள் கரண்ட் அடாப்டரும் யு.பி.எஸ்.ஸும் வைத்துக்கொள்வது நல்லது. பதிவு ஓடும்போது மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பு திறக்காமல் போக வாய்ப்பு உண்டு.

வயரும் ஒலியும்

கேமராவில் இருக்கும் மைக்ரோ எச்.டி.எம்.ஐ. துளை மிக மெல்லியது. யாராவது வயரில் கால் தட்டினால் துளையே உடையும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் நல்ல மானிட்டர் வாங்கிவிடலாம். வயரைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். தூரம் அதிகமென்றால் எச்.டி.எம்.ஐ. நம்பிக்கைக்குரியதல்ல. 4கே என்றால் ஐந்து மீட்டருக்கு மேல் சந்தேகம்தான். எஸ்.டி.ஐ. வயர் முறுக்கிப் பூட்டிக்கொள்ளும், எச்.டி. படத்தை நூறு மீட்டர் அளவுக்குக் கொண்டுபோகும்.

ஒலியைப் பொறுத்தவரை, பள்ளிவாசல் மிக்ஸரிலிருந்து வரும் 'லைன்' ஒலியை அப்படியே கேமராவின் மைக் துளையில் கொடுத்தால் உடைந்து கரகரக்கும். நிஞ்சா வி போன்றவற்றில் லைன் ஒலிக்கே வழி இருக்கிறது. அதில் நேராகக் கொடுக்கும்போது படம் கேமரா வழியாகச் சற்றுத் தாமதித்து வரும், ஒலி முந்திவிடும். உதடும் சொல்லும் ஒத்துப்போக, ரெக்கார்டரின் 'ஆடியோ டிலே' அமைப்பைச் சரிசெய்து ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

படத்தை வாங்கித் திருப்பி அனுப்பும் 'லூப் அவுட்' வசதி இருக்கும் மாடலில் இன்னொரு பயனும் உண்டு. பதிவு நடக்கும்போதே அதே படத்தைப் பெண்கள் பகுதியில் உள்ள டிவிக்கு அனுப்பலாம். ஸ்பீக்கரில் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சகோதரிகள், கரும்பலகையில் எழுதிக் காட்டும் பாடத்தையும் பார்க்க முடியும். இந்த ஒரு பயனுக்காகவே வாங்கினாலும் தகும்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியது

வீடியோ எடுக்க ஆள் அமர்த்தும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ரெக்கார்டர் வந்த பிறகு ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மூலப் பிரதிகள் உருவாகின்றன: ஒன்று கேமராவின் கார்டில், இன்னொன்று ரெக்கார்டரின் டிஸ்கில். "எங்கள் வீட்டுப் பெண்களின் படம் எதுவும் உங்களிடம் இருக்கக் கூடாது" என்று நீங்கள் சொல்லி, அவர் கண்முன்னே கார்டை அழித்துக் காட்டினாலும் டிஸ்கில் அப்படியே இருக்கும். சாதாரணமாக ஃபார்மட் செய்த டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்களும் உண்டு.

இதற்கு யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. முன்பணம் கொடுக்கும் நாளிலேயே பேசி எழுதிக்கொள்ளலாம். பெண்கள் பகுதிப் பதிவுக்குத் தனி டிஸ்கும் கார்டும். அவற்றை வீட்டாரே வாங்கித் தருவது, வேலை முடிந்ததும் வீட்டாரே திரும்பப் பெறுவது. எடிட்டிங்குக்காக கம்ப்யூட்டரில் ஏற்றிய பிரதியை எந்தத் தேதிக்குள் நீக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நேர்மையான வீடியோக்காரர் இதை மகிழ்ச்சியோடு ஏற்பார்; அவருடைய பொறுப்பும் குறைகிறது.

யாருக்கு எது?

அரை மணிக்குக் குறைவான பயான், ஒரே கேமரா என்றால் வேவ்ஃபார்ம் உள்ள சாதாரண மானிட்டர் போதும்.

நேரலையும் செய்கிறீர்கள், இரண்டு மூன்று கேமரா இருக்கிறது என்றால் ரெக்கார்டருக்குப் பதிலாக ஏடெம் மினி புரோ போன்ற ஸ்விட்சரைப் பாருங்கள். அது கேமராக்களை மாற்றிக் காட்டும், நேரலையும் அனுப்பும், யு.எஸ்.பி. டிஸ்கில் எச்.264 ஆகவும் எழுதும்.

29 நிமிட வரம்பு உள்ள கேமராவில் நீண்ட மாநாடுகளை எடுக்கிறீர்கள் என்றால் ரெக்கார்டர் உண்மையில் தேவை. கேமரா வெளியே 10-பிட் கொடுக்கிறது, கலர் வேலை செய்து கொடுத்துச் சம்பாதிக்கிறீர்கள் என்றாலும் அப்படியே.

எதை வாங்கினாலும் கடையிலிருந்து வந்த அன்றே நிகழ்ச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கேமராவில் 'ஆட்டோ பவர் ஆஃப்' அமைப்பை அணையுங்கள். பலருடைய பதிவு பாதியில் நிற்பதற்கு இதுவே காரணம். எச்.டி.எம்.ஐ. தகவல் காட்டுவதையும் அணையுங்கள். பிரேம் வேகத்தை 25, ஷட்டரை 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் நம் ஊர் ட்யூப் லைட்டுகளின் படபடப்பு தெரியாது. பிறகு வெறும் பள்ளிவாசலில், மிம்பரை நோக்கி வைத்து, நிகழ்ச்சி எவ்வளவு நேரமோ அதைவிட அரை மணி கூடுதலாக ஓட விடுங்கள். கேமரா அனுமதித்தால் கார்டிலும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஒலியோடு பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் அடுத்த ஜுமுஆவுக்கு அந்தக் கருவியை நம்பி வைக்கலாம், இன்ஷா அல்லாஹ்.